வெள்ளையும் பொன்னும்: கிறிஸ்துமஸ் மரத்துக்கு விசுவாசச் சின்னங்கள் செய்ய ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, வாளியில் மணலைக் கொட்டி நட்டு, வாளியைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டுவோம். அப்புறம் கடையில் வாங்கிய பளபள உருண்டை, சரிகைச் சரம், பஞ்சு, பலூன். எங்கள் வீட்டிலும் வெகுகாலம் அப்படித்தான். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பாட்டி, முருக பக்தை, மரத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுல எதுக்கு என்ன அர்த்தம்மா?" என்று கேட்டார். உச்சியில் இருந்த நட்சத்திரத்தை மட்டும்தான் என்னால் விளக்க முடிந்தது. மற்றதெல்லாம் அழகுக்கு என்று சொல்லும்போது எனக்கே மனசு ஒப்பவில்லை. பாட்டிக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தச் சின்னங்களைக் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் மரத்தில் தொங்குகிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசிக்கலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்று ஓர் ஊர். அங்குள்ள அசென்ஷன் லுத்தரன் சபையைச் சேர்ந்த ஃபிரான்சஸ் கிப்ஸ் ஸ்பென்சர் என்ற அம்மையார், 1957-இல் ஆலயத்து மரத்துக்கு எதைத் தொங்கவிடுவது பொருத்தம் என்று யோசித்தார். ஆதித் திருச்சபையார் கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கி எழுதிய எழுத்து முத்திரைகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றை வெள்ளையிலும் பொன்னிலும் செய்து மரத்தில் கட்டினார். 'கிறைஸ்ட்', 'மோனோகிராம்' என்ற இரு சொற்களையும் சேர்த்து இவற்றுக்குக் 'கிறிஸ்மான்' என்று பெயர். சிலுவை, மீன், நங்கூரம், கிரீடம், ஆட்டுக்குட்டி என்று வகைகள் பெருகி, இன்று பல நாட்டு ஆலயங்களில் இப்படி மரம் வைக்கிறார்கள். இவற்றை விற்பனைக்காகச் செய்ய வேண்டாம் என்பது அந்தச் சபையின் வேண்டுகோள். அதை நாமும் மதிப்போம். வீட்டுக்குச் செய்யுங்கள், சபைக்குச் செய்யுங்கள், அன்பளிப்பாகக் கொடுங்கள். ஸ்டால் போட்டு விற்க வேண்டாம்.

சின்னங்கள் மட்டும் மிகப் பழையவை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களில் மீனும் நங்கூரமும் வரைந்திருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து என்ற சபைப் பிதா, விசுவாசிகள் முத்திரை மோதிரத்தில் புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைப் பொறித்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். ஆக, நாம் செய்யப்போவது அவர்கள் மோதிரத்தில் வைத்திருந்ததைத்தான். மரத்துக்கு ஏற்ற அளவில் செய்கிறோம், அவ்வளவே.

நிறம் ஏன் இரண்டே இரண்டு?

ஆகமன நாட்களில் ஊதாவாக இருக்கும் பீட விரிப்பு, கிறிஸ்துமஸ் வந்ததும் வெள்ளைக்கு மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை தூய்மைக்கு, பொன் அவருடைய ராஜரிகத்துக்கு. மரத்தின் பச்சை வாடாத ஜீவனுக்கு, விளக்கு உலகத்தின் ஒளியானவருக்கு. இதில் சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கண் நிறத்தின் பின்னால் போய்விடுகிறது, வடிவம் மறைந்துபோகிறது. நானும் முதல் வருஷம் ஆசைக்குச் சிவப்பு மணி சேர்த்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சிலுவை எது, நட்சத்திரம் எது என்றே தெரியவில்லை. அந்த வருஷமே பிரித்துத் திரும்பக் கோத்தேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஆரி வேலைப் பொருள் விற்கும் கடை இப்போது சிறிய ஊர்களிலும் வந்துவிட்டது. நமக்கு வேண்டியதில் முக்கால்வாசி அங்கேயே கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் போனால் மொத்த விலைக்கு வாங்கலாம்.

முத்து: 8 மி.மீ. அளவில் ஒரு சரம், 4 மி.மீ. அளவில் இரண்டு மூன்று சரம். கண்ணாடி முத்து வேண்டாம், பிளாஸ்டிக் முத்தே போதும். சவுக்குக் கிளை மெல்லியது, கனம் தாங்காது. பொன்மணி: 4 மி.மீ. அளவில் ஒரு பாக்கெட், 6 மி.மீ. அளவில் நாலைந்து. கம்பி: பொன்னிறத்தில் 26 கேஜ் ஒரு சுருள், சட்டம் வளைக்க 22 கேஜ் ஒரு சுருள். நோஸ் பிளேயர் ஒன்று, கம்பி வெட்ட ஒரு கட்டர். வெள்ளை ஃபெல்ட் துணி, பொன் சரிகை நூல், கெட்டி அட்டை, வெள்ளைப் பசை. வீட்டில் கிடக்கும் பழைய உலோக வளையல்களையும் எடுத்து வையுங்கள்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஒரு மெல்லிய ஊசியை முத்தின் துளைக்குள் விட்டுப் பாருங்கள். மலிவு முத்துகளில் பூச்சு உள்ளே வழிந்து துளையை அடைத்திருக்கும். ஈரக் கைக்குட்டையால் பொன்மணியைத் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்த மணி அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கறுத்துவிடும்.

மொட்டுச் சிலுவை

முதலில் இதைச் செய்யுங்கள். கை பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. சென்னைப் பரங்கிமலை ஆலயத்தில், 1547-இல் போர்த்துக்கீசியர் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பாஹ்லவி எழுத்து, சிலுவையின் முனைகளில் மொட்டு, மேலே இறங்கி வரும் புறா. இயேசுவின் சீடர் தோமாவின் பெயரோடு சேர்ந்த அந்தச் சிலுவை நம் மண்ணில் கிடைத்தது என்பதால் எங்கள் மரத்தில் இந்த வடிவத்துக்குத்தான் முதல் இடம். ஒவ்வொரு முனையிலும் மூன்று மணி சேர்ந்து மொட்டாகிறது. அது திருத்துவத்தையும் சொல்லிவிடுகிறது.

தேவை: 8 மி.மீ. முத்து 15, 4 மி.மீ. பொன்மணி 13, 26 கேஜ் கம்பி 70 செ.மீ. ஒன்றும் 10 செ.மீ. ஒன்றும்.

1. நீளக் கம்பியில் மூன்று பொன்மணிகளைக் கோத்து நட்டநடுவே கொண்டுவாருங்கள். கம்பியை மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முத்துக்குள் விடுங்கள். முத்தைக் கீழே தள்ளி கம்பியை இழுத்தால் மூன்று மணியும் முக்கோணமாகக் குவியும். இது அடி மொட்டு.

2. அதே மாதிரி இரட்டைக் கம்பியிலேயே இன்னும் ஐந்து முத்து. ஆக மொத்தம் ஆறு. இது சிலுவையின் கால்.

3. இப்போது கம்பிகளைப் பிரியுங்கள். வலது கம்பியில் மூன்று முத்து, அதற்கப்புறம் மூன்று பொன்மணி. பொன்மணிகளை விட்டுவிட்டு, கம்பியை வெளியிலிருந்து உள்ளாக அதே மூன்று முத்துகள் வழியே திரும்பக் கொண்டுவாருங்கள். இழுத்தால் முனையில் மொட்டு விழும். இடது கம்பிக்கும் இப்படியே.

4. இரண்டு கம்பிகளையும் மறுபடி சேர்த்து மேல் நோக்கி மூன்று முத்து கோத்துவிடுங்கள். பிறகு ஆளுக்கொன்றாகக் கம்பிக்கு ஒரு பொன்மணி, அதன்மேல் இரண்டு கம்பியும் சேர்ந்து ஒரு பொன்மணி. மிஞ்சிய கம்பியை முறுக்கி ஒரு சின்ன வளையம் செய்து, நுனியை வளையத்தின் கழுத்தில் சுற்றி வெட்டிவிடுங்கள்.

5. நான்கு கைகளும் கூடும் இடத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். 8 மி.மீ. முத்துகள் நான்கு ஒரு புள்ளியில் ஒட்டி உட்கார முடியாது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் நிற்கும். அந்தக் குழிக்குத்தான் பதின்மூன்றாவது பொன்மணி. குட்டைக் கம்பியில் அதைக் கோத்துக் குழியில் வைத்து, கம்பி நுனிகளைக் குறுக்காகப் பின்பக்கம் கொண்டுபோய் முறுக்கி, வெட்டி, நுனியை அமுக்கிவிடுங்கள்.

உயரம் ஏறக்குறைய 9 செ.மீ. வரும். பக்கக் கைகள் தொங்கிப்போனால் காரணம் மூன்றாவது படிதான்: மொட்டு விழுந்த பிறகு இன்னொரு முறை இழுத்து இறுக்காமல் விட்டிருப்பீர்கள். நகத்தால் முத்தைப் பிடித்துக்கொண்டு கம்பியை மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கம்பியில் முடிச்சு மாதிரி ஒரு மடிப்பு விழும். மடிப்பை நிமிர்த்த நிமிர்த்த அந்த இடம் இற்று, கடைசியில் வளையம் போடும் நேரத்தில் அறுந்து கையோடு வரும். அப்படி ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் ஒட்டுப்போடப் பார்க்காமல் புதுக் கம்பியில் தொடங்குவதே நல்லது.

புறா வேண்டுமென்றால் வெள்ளை ஃபெல்ட் துணியில் 3 செ.மீ. அளவில் தலைகீழாக இறங்கும் புறா வடிவம் இரண்டு வெட்டி, மேல் மொட்டை நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக ஒட்டுங்கள்.

மீன்

கிரேக்கத்தில் மீனுக்கு 'இக்தூஸ்' என்று பெயர். அந்தச் சொல்லில் உள்ள ஐந்து எழுத்துகளும் ஐந்து சொற்களின் முதலெழுத்து: இயேசு, கிறிஸ்து, தேவனுடைய, குமாரன், இரட்சகர். ஒரு மீனை வரைந்தால் ஒரு விசுவாசப் பிரமாணத்தையே சொன்ன மாதிரி.

22 கேஜ் கம்பி 30 செ.மீ. எடுத்து நடுவில் மடியுங்கள். மடிப்புதான் மூக்கு. ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. முத்து இருபது. இரண்டு பக்கத்தையும் வில் மாதிரி வளைத்து, முத்து முடியும் இடத்தில் கம்பிகளைக் குறுக்கே விட்டு ஒரே ஒரு முறுக்கு முறுக்குங்கள். அப்புறம் வாலுக்கு ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து முத்து. நுனியை நோஸ் பிளேயரால் சுருட்டிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. கம்பியை விரலால் வளைக்கும்போது கோணல் வருகிறதா? ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் வைத்து வளைத்துப் பாருங்கள், இரண்டு வில்லும் ஒரே மாதிரி வரும்.

தொங்கவிடும்போது மூக்கில் கட்டாதீர்கள், மீன் தூண்டிலில் மாட்டின மாதிரி நிற்கும். மேல் வில்லில் இரண்டு இடத்தில் நூல் கட்டி மேலே சேருங்கள். வால் பக்கம் கனம் குறைவு என்பதால் முடிச்சை மூக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, மட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வளையலுக்குள் கீ-ரோ

'கிறிஸ்தோஸ்' என்ற சொல்லின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள் கீ, ரோ. ஒன்று பார்வைக்கு ஆங்கில எக்ஸ் போலவும் மற்றது பி போலவும் இருக்கும். கி.பி. 312-இல் ரோமுக்கு அருகே மில்வியப் பாலத்தில் நடந்த போருக்கு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போனபோது கிறிஸ்துவின் அடையாளத்தைத் தன் படைக்குக் கொடுத்தார் என்று அவர் காலத்து எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு காசுகளிலும் கல்லறைகளிலும் வட்டத்துக்குள் வைத்த கீ-ரோவைப் பொறித்தார்கள். நமக்கு அந்த வட்டம் வளையலாகக் கிடைக்கிறது.

2.8 அளவு வளையல் என்றால் உள்விட்டம் 6.35 செ.மீ. மூன்று கம்பிகள் வேண்டும், 22 கேஜில், ஒவ்வொன்றும் 9 செ.மீ. ஒவ்வொரு கம்பியிலும் 4 மி.மீ. முத்து பதினான்கு. ஒரு நுனியை வளையலில் சுற்றிப் பூட்டி, ஏழு முத்தை இந்தப் பக்கமும் ஏழை அந்தப் பக்கமும் தள்ளி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, மறுநுனியை எதிர்ப்புறம் பூட்டுங்கள். முதல் கம்பி நேர்குத்தாக. மற்ற இரண்டும் சாய்வாக, ஆறு ஆரங்களும் ஒரே இடைவெளியில் வரும்படி. கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் 12, 2, 4, 6, 8, 10 என்ற இடங்களில் ஆரங்கள் நிற்க வேண்டும். மூன்றும் சந்திக்கும் நடுவை மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் 6 மி.மீ. பொன்மணி.

இனி ரோவின் வயிறு. தனியாக 6 செ.மீ. கம்பியில் எட்டு முத்து கோத்து அரைவட்டமாக வளையுங்கள். நேர்குத்துக் கம்பியின் மேல்பாதியில், மேலிருந்து முதல் முத்துக்கு அடியில் ஒரு நுனி, ஆறாவது முத்துக்கு அடியில் மறுநுனி. இரண்டையும் சுற்றிப் பூட்டினால் எழுத்து முழுமையாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோவின் வயிறு வலப்பக்கம் இருக்க வேண்டும். மரத்தில் ஒற்றை நூலில் தொங்கும் பொருள் காற்றுக்குத் திரும்பும், திரும்பினால் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். ஃபேன் போட்ட ஹாலில் எங்கள் கீ-ரோ முதல் வருஷம் முழுக்கத் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தது. வளையலின் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் தனித்தனி நூல் கட்டி, அடுத்தடுத்த இரண்டு கிளைகளில் முடியுங்கள். திரும்பாது. எழுத்துள்ள எந்தச் சின்னத்துக்கும் இதே வழிதான்.

கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்து அல்பா, கடைசி எழுத்து ஓமெகா; இவை இரண்டுக்கும் அந்தக் கவலை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வடிவம். கெட்டி அட்டையில் 6 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, பொன் சரிகை நூலை நெருக்கமாகச் சுற்றி, ஓரத்தில் முத்து ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே நூலில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுங்கள். ஆதியும் அந்தமும் அவரே என்று வெளிப்படுத்தின விசேஷம் 22:13 சொல்வதைக் கிளைக்கு ஒன்றாகப் பிரித்துப்போட்டால் வசனம் பாதியில் நின்றுவிடுகிறது.

உச்சி நட்சத்திரம்

யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரம் என்று எண்ணாகமம் 24:17 சொல்வது ஐந்து முனை நட்சத்திரமாகத்தான் வழக்கில் இருக்கிறது. ஆறு முனை படைப்பைக் குறிக்கும், எட்டு முனை ஞானஸ்நானத்தையும் புது வாழ்வையும். எனவே முனையை எண்ணிச் செய்யுங்கள்.

கோணமானி இல்லாமல் சரியான ஐந்து முனை வரைய ஒரு வழி: காம்பஸில் 8 செ.மீ. ஆரம் வைத்து வட்டம் போடுங்கள். பிறகு காம்பஸை 9.4 செ.மீ. அகலத்துக்குத் திறந்து, வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைப்பதுபோல் ஐந்து புள்ளி குறியுங்கள். ஐந்தாவது அடி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாகக் கோடு இழுத்தால் நட்சத்திரம். கெட்டி அட்டையில் இரண்டு வெட்டி, நடுவில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி ஒட்டி, சரிகை நூல் சுற்றுங்கள். குச்சியைச் சவுக்கின் நடுத்தண்டோடு சேர்த்துக் கட்டினால் ஆடாமல் நிற்கும்.

குருத்தோலைச் சிலுவை

டான்வில் அம்மையாரின் மரத்தில் இது இருந்திருக்காது. ஆனால் நம் பக்கத்துச் சபைகளில் குருத்தோலை ஞாயிறு அன்று ஓலைச் சிலுவை மடிக்கத் தெரியாத பிள்ளைகள் குறைவு. காய்ந்த பனங்குருத்தின் நிறம் வெள்ளைக்கும் பொன்னுக்கும் நடுவில் இருக்கும். நம் இரண்டு நிற விதிக்கு அது தானாகவே பொருந்திவிடுகிறது. மார்கழிக் குளிரில் பிறந்தவரையும் பங்குனி வெயிலில் எருசலேமுக்குள் போனவரையும் ஒரே மரத்தில் பார்க்கக் கிடைப்பதால், எனக்கு இந்தச் சின்னத்தின்மேல் தனிப் பிரியம்.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பனையோலைக் கைவினைக்குப் பேர் போன ஊர். அந்தப் பக்கம் ஆள் தெரிந்தவர்கள் பதப்படுத்திய ஓலையே வாங்கிக்கொள்ளலாம். பச்சைக் குருத்து கிடைத்தால் ஈர்க்கை நீக்கி, நிழலில் இரண்டு நாள் வாடவிடுங்கள். காய்ந்த ஓலை என்றால் மடிப்பதற்கு முன் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். ஊறாத ஓலையை மடித்தால் மடிப்பிலேயே 'படக்'கென்று முறிந்துவிடும்.

ஒரு செ.மீ. அகலத்தில் 24 செ.மீ. நீளத் துண்டு ஒன்று, 16 செ.மீ. துண்டு ஒன்று. இரண்டையும் நடுவில் மடித்து இரட்டையாக்குங்கள். நீளமானது நேர்குத்து, மடிப்பு மேலே. குட்டையானதை அதன் இரண்டு ஏடுகளுக்கும் நடுவில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குறுக்கே செருகுங்கள். இனி 4 மி.மீ. அகல ஓலை நாரை எடுத்துச் சந்திப்பில் கட்ட வேண்டும். கீழ் இடது மூலையில் தொடங்கி மேல் வலது மூலைக்குச் சாய்வாக, பின்பக்கம் போய்க் கீழ் வலதுக்கு, அங்கிருந்து முன்பக்கம் மேல் இடதுக்கு. முன்னால் ஒரு பெருக்கல் குறி விழும். இரண்டு முறை இப்படிச் சுற்றி நுனியைப் பின்பக்கம் சொருகுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியில், வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து நான்கு நாள் காயவிடுங்கள். மேல் மடிப்புக்குள் சரிகை நூல் விட்டால் தொங்கவிட வேறு வளையம் தேவையில்லை.

வர்ணமோ வார்னிஷோ பூச வேண்டாம். ஓலையின் நரம்பு வெளிச்சத்தில் தெரிவதே இதன் அழகு. போன வருஷத்துக் குருத்தோலையைச் சாம்பல் புதனுக்காக ஆலயத்தில் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதைத் தொடாமல் புது ஓலையில் செய்யுங்கள்.

சிப்பியும் மூன்று துளியும்

ஞானஸ்நானத்துக்கு உள்ள சின்னம் இது. கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பி, விசிறி மாதிரி வரி உள்ளதாக இருந்தால் நல்லது. பழைய பல் பிரஷால் கழுவிக் காயவையுங்கள். மேல் முனையில் ஒன்று, கீழ் விளிம்பில் மூன்று துளை. கை டிரில்லில் மிக மெல்லிய முனை போட்டு, சிப்பியைத் தண்ணீர் உள்ள தட்டில் நனைத்தபடியே துளையிடுங்கள். நனைந்திருந்தால் தூள் மூக்கில் ஏறாது, சிப்பியும் பிளக்காது. கீழ்த் துளைகளில் ஒவ்வொரு முத்தாகத் தொங்கவிட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று துளி.

முத்துக்குளித்துறைக் கரையில் 1542-இல் வந்திறங்கிய சவேரியார் காலம் தொட்டுச் சிப்பியும் முத்தும் ஞானஸ்நானமும் சேர்ந்தே இருக்கிற ஊர்கள் நமக்கு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் யாராவது பார்க்க வந்தால் இந்தச் சின்னத்தைக் கையில் எடுத்துக் கொடுங்கள்.

தெர்மாகோலில் கவனம்

ஆட்டுக்குட்டி, கிரீடம், நங்கூரம் போன்றவற்றைத் தெர்மாகோலில் வெட்டிக் குண்டூசியால் முத்தும் சமிக்கியும் குத்துவது வேகமான வழி. ஊசியில் முதலில் முத்து, அப்புறம் சமிக்கி, அப்புறம் நுனியில் ஒரு பொட்டு வெள்ளைப் பசை. பசை இல்லாமல் குத்தினால் இரண்டாவது வருஷம் ஊசி ஒவ்வொன்றாக உதிரும்.

ஸ்பிரே பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டிய ஓர் ஆட்டுக்குட்டிக்கு நான் பொன் ஸ்பிரே அடித்தேன். கண்ணெதிரே முதுகு குழிந்து, காது உருகி, ஐந்து நிமிஷத்தில் பல்லாங்குழிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், வெள்ளைப் பசை, இவை இரண்டே போதும்.

பிள்ளைகளோடு செய்வதானால்

ஓய்வுநாள் பள்ளியில் நவம்பர் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்த பிறகு யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. ஆளுக்கு ஒரே ஒரு சின்னம். அதன் பெயர், அதற்குரிய வசனம், எளிமையான ஒரு வாக்கியத்தில் அர்த்தம். மரத்துக்கு விளக்கேற்றும் நாளில் அந்தப் பிள்ளையே கொண்டுவந்து கட்டி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மணியும் முத்தும் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஊறவைத்த ஓலையைக் கொடுத்தால் போதும். மடிப்பு கோணினாலும் திருத்த வேண்டாம், அப்படியே கட்டுங்கள்.

மரத்தில் கட்டும் முறை

முதலில் விளக்குச் சரம், மஞ்சள் கலந்த வெள்ளை எல்.ஈ.டி. கண்சிமிட்டாமல் நின்று எரியும் வகையாகப் பாருங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும். வாளி மணலில் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும்.

பிறகு நட்சத்திரம் உச்சியில். கீ-ரோவும் மொட்டுச் சிலுவையும் பெரியவர்கள் கண் மட்டத்தில். மீன், சிப்பி, ஓலைச் சிலுவை எல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில். அவர்கள் தொட்டுத்தான் கேட்பார்கள், தொடட்டும். சவுக்கின் நுனி ஊசியிழை மாதிரி சரிந்து விழும், அதில் எதையும் கட்ட முடியாது. நடுத்தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கிளை பென்சில் தடிமன் இருக்கும் இடத்தில் கட்டுங்கள். நாலடி மரத்துக்கு இருபது சின்னம் போதும். இரண்டு சின்னங்களுக்கு நடுவே ஒரு கை அகலம் பச்சை தெரியட்டும், அப்போதுதான் ஒவ்வொன்றையும் தனித்தனியே வாசிக்க முடியும்.

எடுத்து வைக்கும்போது

ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரை மரம் இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் தனித்தனியே சுற்றி, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். ஓலைச் சிலுவைகளைத் தனி டப்பாவில் வையுங்கள், அதில் காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. முத்தும் தெர்மாகோலும் உள்ள டப்பாவில் அந்துருண்டை போட வேண்டாம், அதன் ஆவி பட்டுத் தெர்மாகோல் இளகிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க, மருந்து பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். சின்னத்தின் பெயர், வசனம், செய்தவர் பெயர், வருஷம். எங்கள் டப்பாவில் ஒரு மீனோடு இருக்கும் சீட்டில், முத்து கோத்தவர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயர் இருக்கிறது.